கடைசித் தொட்டியில் வெந்த விண்கலம்

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். நிறைகளைப் பெட்டியின் மேல் அவர்களே அச்சடித்துவிட்டார்கள்.

இது பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று பொருத்திச் செய்கிற விண்கல பொம்மை. ஏதோ ஓர் ஆங்கிலப் படத்தில் வானத்தில் சண்டை போடும் கலமாம். படத்தை நான் பார்க்கவில்லை. செய்து முடித்தால் உள்ளங்கைக்குள் அடங்குகிறது. பெட்டியோ சீர்வரிசைத் தட்டு அகலம். பாதிப் பெட்டியில் காற்றுதான் இருந்தது. நிறம் சாம்பல். அதிலும் வெளிர் சாம்பல் ஒன்று, அடர் சாம்பல் ஒன்று. மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போனால்தான் எது எதுவென்று தெரிகிறது. முன்னால் இருக்கும் கண்ணாடி மூடியைத் திறந்தால் மறுபடி சரியாக உட்கார மாட்டேன் என்கிறது. வால் பக்கம் கனம் அதிகம், அதனால் மேசையில் வைத்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. எல்லாம் முடித்த பிறகு துண்டுகள் கொஞ்சம் மிச்சம் விழுந்தன. நான் எங்காவது விட்டுவிட்டேனா, இல்லை உபரியாகப் போட்டார்களா என்று இன்னும் தெரியவில்லை.

நல்லது ஒன்று உண்டு. பிடிப்பு. கட்டையோடு கட்டை சேர்த்து அழுத்தினால் ‘டிக்’ என்று உட்காருகிறது, பிறகு நகத்தைக் கொடுத்து நெம்பினால்தான் வருகிறது. அந்த ஒன்றுக்காகப் பத்துக்கு ஆறு போட்டேன்.

இதை எனக்கு வாங்கித் தந்தவள் என் அத்தை மகள். “இந்தா, உனக்கும் ஒண்ணு” என்று மேசை மேல் வைத்தாள். இதைச் சொல்ல அவளுக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. நம் வயதுக்கு வந்தால் பொறாமையெல்லாம் அடங்கிவிடும் என்கிறார்கள். உங்களில் யாருக்காவது அடங்கியிருந்தால் எனக்குச் சொல்லுங்கள், எப்படி என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு முட்டி தேய்ந்துவிட்டது, முடி கொட்டிவிட்டது, அது மட்டும் அப்படியே இருக்கிறது.

அத்தையும் அவள் மகளும் காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியது ஓர் ஆடி மாதம். அத்தையின் வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலையில் இருந்தார். இவர்களை அழைத்துக்கொள்ள விசா வர வேண்டும். அது வரும்வரை அண்ணன் வீட்டில் இருப்பது என்று ஏற்பாடு. அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. ஒரே பாயில் படுத்தோம், ஒரே தட்டில் முறுக்கைப் பங்கு போட்டோம். முதல் வாரம் எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்பா பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். வீட்டுக்குப் பின்னால் பட்டறை. அடுப்பின் மேல் பெரிய செம்புத் தொட்டி, அதற்குக் குறுக்கே மூங்கில் கழிகள், கழிகளில் மாட்டிய பட்டுச் சிட்டங்கள், அதாவது நூல் கற்றைகள். கொதிக்கும் சாயத்தில் சிட்டங்களைத் திருப்பித் திருப்பி விடுவதுதான் வேலை. ஈரப் பட்டுக்கு ஒரு வாடை உண்டு, வேகவைத்த முட்டையும் விறகுப் புகையும் கலந்த மாதிரி. எங்கள் வீட்டுப் போர்வைகூட அந்த வாடைதான் அடிக்கும். அன்றைக்கு என்ன நிறம் ஓடுகிறது என்று அப்பாவின் கையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். முழங்கை வரை கிளிப்பச்சையாக வந்து சாப்பிட உட்காருவார். நான் பக்கத்தில் போனால், “தள்ளிப் போம்மா, சட்டையில சாயம் ஒட்டிக்கும்” என்பார். பள்ளிக்கூடச் சட்டை வெள்ளை. அப்படித் தள்ளிப் போய்த் தள்ளிப் போய், அப்பாவைத் தொடாமல் இருப்பது எனக்குப் பழகிவிட்டது.

பட்டறையிலிருந்து கழிவு நீர் ஒரு சின்னக் கால்வாய் வழியாகத் தெருவுக்கு வரும். இன்று மஞ்சளாக ஓடும், நாளை ஊதாவாக ஓடும். தெருப் பிள்ளைகள் எல்லோரும் அதில் காகிதக் கப்பல் விட எங்கள் வாசலுக்கு வருவார்கள். நான் அனுமதித்தால்தான் விட முடியும். தண்ணீர் எங்கள் வீட்டுத் தண்ணீர் அல்லவா. அந்தத் தெருவில் எனக்கென்று இருந்த ஒரே அதிகாரம் அதுதான்.

ஆவணியில் மஸ்கட்டிலிருந்து யாரோ ஒருவர் மூலமாக ஒரு பார்சல் வந்தது. பால் பவுடர், துணி, நகச்சாயம், வாசனை சோப்புகள், அடியில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி. பெட்டியின் மேல் கருப்பு வானத்தில் ஒரு சாம்பல் நிறக் கலம் பறந்துகொண்டிருந்தது.

அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பொட்டப் புள்ளைக்கு யாராச்சும் ராக்கெட் வாங்கி அனுப்புவாங்களா? ஒரு பொம்ம கெடைக்கலியா அந்த ஊர்ல?”

“எனக்கு இதான் வேணும்” என்று அவள் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

எனக்கு வந்தது ஒரு வாசனை சோப்பு. விருந்தாளி வந்தால் ஆகும் என்று அதையும் அம்மா எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

அவள் அன்று சாயந்திரத்துக்குள் அதைக் கட்டிவிட்டாள். இரண்டு இறக்கை, வால், நீல நிறக் கண்ணாடி மூடி, அதற்குள் உட்கார்ந்து ஓட்டுகிற மஞ்சள் முகச் சின்ன மனிதன் ஒருவன். அவனுக்குத் தொப்பி உண்டு, அதைக் கழற்றி மாட்டலாம். அந்தப் புதுப் பிளாஸ்டிக் வாசனை எனக்கு இப்போதும் மூக்கில் இருக்கிறது. நான் கையை நீட்டினேன்.

“கண்ணால பாரு. கை வெக்காத” என்றாள்.

“ஒரே ஒரு வாட்டிடி.”

“உங்க வூட்ல எல்லாத்துலயும் சாயம் ஒட்டுது. உன் கையிலயும் இருக்கும்.”

என் கையில் ஒன்றும் இல்லை. விரித்துக் காட்டினேன். அவள் பார்க்கவே இல்லை.

மறுநாள் கால்வாயில் மாம்பழ மஞ்சள் ஓடியது, அருமையான நிறம். பிள்ளைகள் வந்தார்கள், கப்பல் செய்ய நான் நோட்டுத் தாள்களைக் கிழித்து வைத்திருந்தேன். அவள் வாசற்படியில் வந்து உட்கார்ந்து கலத்தை மடியில் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். ஒருவரைக்கூடக் கூப்பிடவில்லை. என் கப்பல்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய் அவளைச் சுற்றி நின்றார்கள். மஞ்சள் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. என் வயிறு எரிந்த எரிச்சலில் தொட்டி வைத்திருந்தால் ஒரு சிட்டம் சாயம் ஏறியிருக்கும்.

அன்றிலிருந்து தெருமுனைப் பிள்ளையாரிடம் தினமும் ஒரே வேண்டுதல். அது உடைய வேண்டும். தொலைந்து போகக் கூடாது, தொலைந்தால் அவள் அழுவாள், எல்லோரும் சேர்ந்து தேடுவார்கள், அப்போதும் அவளைச் சுற்றித்தான் கூட்டம். அவள் கண்ணெதிரே உடைய வேண்டும்.

இதுவரைகூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். ஒருநாள் மதியம் அப்பா சாப்பிட வந்தார். கை முழுக்க அரக்குச் சிவப்பு. அவள் கலத்தை வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“இன்னா கண்ணு இது?”

“ஸ்பேஸ்ஷிப், மாமா. வானத்துல போறது. பாக்குறீங்களா?”

அப்பா கையை நீட்டினார். பிறகு தன் கையைத் தானே பார்த்தார். திரும்பி நடந்து கிணற்றடிக்குப் போய், சோப்புப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்தேய் என்று தேய்த்துக் கழுவினார். விரல் விரலாகக் கழுவினார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, ஈரம் போகக் கையை உதறிவிட்டு, பிறகுதான் அதை வாங்கினார்.

நான் தூணருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்காக ஒருநாளும் கழுவாத கை.

அப்பா இறக்கையை நெம்பிப் பார்த்தார், மறுபடி பொருத்தினார். நூலின் முறுக்கைச் சோதிக்கிறவர் மாதிரி இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். “நல்லா பிடிப்பு வெச்சிருக்கான்பா. பிசிறே இல்ல” என்றார். “கலருதான் சரியில்ல. இந்தக் கலருல யாரும் பட்டு கேக்க மாட்டாங்க.” அவள் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்ப்பது அபூர்வம்.

அன்று அடுக்களையில் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். “அப்பா ஏன் அவளத்தான் கொஞ்சுறாரு?”

“தாய்மாமன்டி அவரு. மாமன் கொஞ்சாம வேற யாரு கொஞ்சுவா?”

“அப்ப எனக்கு மாமன் யாரு?”

அம்மாவுக்கு ஊர் மாகறல். அந்த வீட்டில் பிறந்தது அத்தனையும் பெண்கள். அம்மா கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள், “உனக்கு அப்பாவே இருக்காரே. பெத்த பொண்ண நாலு பேரு பாக்கக் கொஞ்சிக்கினு இருப்பாங்களா? கண்ணு பட்டுடும். நீ எங்க போயிடப் போற.”

எங்கள் பக்கம் அப்போது அப்படித்தான். தங்கை மகளுக்குக் காது குத்த மடி கொடுப்பதும், சீர் செய்வதும், ஊர் பார்க்கத் தோளில் தூக்கி வைத்துக்கொள்வதும் மாமனுக்கு அழகு. சொந்தப் பெண்ணை அப்படிச் செய்தால் பெரியவர்கள் எதிரே மரியாதை இல்லை. என் அப்பா நல்ல மாமன். இந்த ஏற்பாட்டில் மாமன் இல்லாத பிள்ளை என்ன செய்யும் என்று பெரியவர்கள் யாருமே யோசித்ததாகத் தெரியவில்லை. கூடவே இருக்கிற பிள்ளைக்கு எல்லாம் தானாகத் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆனால் எனக்கென்று வருஷத்தில் ஒன்று இருந்தது. அதைச் சொன்னால்தான் மற்றது உங்களுக்குப் புரியும்.

ஆயுத பூஜைக்கு முன்தினம் பட்டறையில் கடைசித் தொட்டி எப்போதும் அரக்குச் சிவப்புதான், அது மங்கலம். சிட்டங்களை எடுத்த பிறகும் தொட்டியில் கொஞ்சம் சாயம் மிஞ்சும். அந்த மிச்சம் வீட்டுக்கு. அப்பா கழிவுப் பட்டில் ஒரு கொத்து எடுத்து அதில் போட்டு, தானே நின்று திருப்பி, தானே அலசி நிழலில் காயப் போடுவார். அம்மா அதைப் பின்னிக் குஞ்சலமாகக் கட்டித் தருவாள். தீபாவளிக்கு என் சடை நுனியில் அது ஆடும். கடையில் விற்கிற குஞ்சலம் ஒரே வாரத்தில் வெளுத்துவிடும், என்னுடையது அடுத்த தீபாவளி வரை அப்படியே இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை அப்பாவின் கை எனக்காக நனையும். கடைசித் தொட்டி என்னுடையது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, எல்லோருக்கும் தெரியும் என்றே நினைத்திருந்தேன்.

அந்த வருஷமும் பூஜைக்கு முன்பே வெள்ளைக் கழிவுப் பட்டை ஒரு கொத்து எடுத்துப் பட்டறை ஆணியில் மாட்டிவிட்டேன்.

முன்தினம் காலையிலிருந்தே வீடு அமளி. பூஜையில் வைக்கக் கழி, கரண்டி, தராசு எல்லாம் கழுவியாகிறது. அப்பாவின் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள், “சைக்கிளுக்குப் பொட்டு வெக்கிறீங்கல்ல மாமா, என் கப்பலும் வண்டிதான? அதையும் வெக்கலாமா?”

அத்தை முந்திக்கொண்டாள். “அதெல்லாம் வாணாம். சாம்பக் கலரு. நல்ல நாளும் அதுவுமா சாமி கிட்ட வெக்கிற கலரா அது?”

அவள் முகம் வாடிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பிள்ளையாருக்கு மனசுக்குள் ஒரு தேங்காய் சொன்னேன்.

அப்பா சைக்கிளை விட்டுவிட்டு எழுந்தார். “கலருதான பிரச்சன? நம்ம வூட்ல கலருக்கா பஞ்சம்? கொண்டா கண்ணு. கடைசித் தொட்டில ஒரு முக்கு முக்கினா அரக்குல சும்மா தேர் மாதிரி வந்து நிக்கும்.”

கடைசித் தொட்டி. நான் ஆணியைப் பார்த்தேன். அப்பா பார்க்கவில்லை.

சிட்டமாக முறுக்கிப் போட்டால் உள்ளே சாயம் போகாது, பிரித்து விட வேண்டும் என்பது சாயக்காரர்களின் பாலபாடம். அதே நியாயப்படி அப்பா கலத்தைத் துண்டு துண்டாகக் கழற்றினார். ஓட்டுகிற சின்ன மனிதனை மட்டும் தனியே எடுத்து வைத்தார். “இவருக்கு வாணாம். இவரு நல்லாதான் இருக்காரு” என்றார். கண்ணாடி மூடியும் தப்பித்தது. மற்றதையெல்லாம் பழைய வேட்டித் துணியில் தளர்வாக மூட்டை கட்டித் தொட்டியில் இறக்கினார். நாங்கள் இருவரும் அடுப்பருகே நின்றோம்.

கொஞ்ச நேரம் கழித்து மூட்டையைத் தூக்கி ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். சாம்பல் சாம்பலாகவே இருந்தது.

“ஏறலியே” என்றார்.

பட்டில் சாயம் ஏறவில்லை என்றால் அதற்கு ஒரே காரணம்தான், சூடு பத்தவில்லை. அவர் வாழ்நாளில் வேறு காரணத்தைப் பார்த்ததில்லை. இன்னும் இரண்டு விறகு செருகினார். தொட்டி தளதளவென்று கொதித்தது. மறுபடி எடுத்தார், மறுபடி ஏறவில்லை, மறுபடி விறகு. என்னைப் போலவே சாயமும் அந்தச் சாமானை ஏற்றுக்கொள்ள மறுத்தது. அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மூட்டையைக் கழியால் அழுத்தி நன்றாக வேகவிட்டார்.

பிரித்தபோது முதலில் அத்தைதான் கத்தினாள். இறக்கைகள் வெயிலில் காய்ந்த அப்பளம் போல வளைந்திருந்தன. கட்டைகளின் மூலைகள் மழுங்கிவிட்டன. மேலே இருந்த குமிழ்கள் சரிந்து, அடியில் இருந்த குழிகள் சுருங்கி, எதுவும் எதோடும் சேரவில்லை. நிறமும் அரக்கு இல்லை. சாம்பலின் மேல் வெற்றிலைக் கறை பட்ட மாதிரி திட்டுத் திட்டாக ஒன்று. அப்பா இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றின் மேல் ஒன்று வைத்து அழுத்திப் பார்த்தார். விட்டதும் விழுந்தது. திரும்பவும் அழுத்தினார்.

என் வேண்டுதல் பலித்துவிட்டது. கண்ணெதிரே, நான் கேட்ட மாதிரியே. அவள் அழுவதைப் பார்க்கத் திரும்பினேன்.

அவள் அழவில்லை. வளைந்த இறக்கையைக் கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பா அடுப்பைப் பார்த்தபடி குந்தியிருந்தார். ஒரு சிட்டம்கூடக் கெடுத்ததில்லை என்று பெயர் எடுத்தவர்.

“மாமா, இப்பதான் நெஜமா வானத்துக்குப் போயிட்டு வந்தா மாதிரி இருக்குது” என்றாள். “எரிஞ்சி எரிஞ்சிதான வரும்? புக்குல போட்டிருக்குது.”

அப்பா நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ முறை யோசித்துவிட்டேன், அந்த வார்த்தை ஏன் என் வாயில் வரவில்லை என்று. அவளுடைய கலத்தின் மேல் எனக்கு இருந்த பொறாமையைவிட அந்த வாக்கியத்தின் மேல் இருக்கிற பொறாமை பெரிது.

அதற்குப் பிறகுதான் எல்லாம் கெட்டது. அப்பா எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, தறி செய்கிற ஆசாரி வீட்டுக்குப் போய் வஜ்ஜிரம் வாங்கி வந்தார். மரம் ஒட்டுகிற அந்தப் பசையைக் காய்ச்சினால் தெருவே நாறும். அன்று சாயந்திரம் முழுக்கப் பட்டறையில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக ஒட்டினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து படத் தாளைப் பிடித்துக்கொண்டாள். தாளில் இருந்த மாதிரி வரவில்லை, வரவும் வராது. அவரே யோசித்து வளைந்த இறக்கைகளை மேல்நோக்கி வைத்தார். வாலைக் குறுக்கே வைத்தார். அடிப்பக்கம் இரண்டாகப் பிளந்துகொண்டே இருந்ததால், பசை பிடிக்கும்வரை அந்த இடத்தைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். இந்த முறை அவர் கையைக் கழுவவில்லை. சின்ன மனிதனின் இருக்கை சுருங்கிவிட்டதால் அவனால் உட்கார முடியவில்லை. தேர் ஓட்டுகிறவன் மாதிரி முன்னால் நிற்க வைத்து ஒட்டினார்.

நான் நிலைப்படியில் நின்றேன். தொட்டிச் சாயம் ஆறி, மேலே ஏடு கட்டியிருந்தது. அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். ஆணியில் தொங்கிய வெள்ளைப் பட்டைப் பார்த்தாள்.

“கடையில ரிப்பன் வாங்கித் தரேன்டி” என்றாள்.

அடுத்த நாள் பூஜையில் சைக்கிளுக்கும் தராசுக்கும் நடுவே அது இருந்தது. சந்தனம், குங்குமம், தலையில் ஒரு சாமந்தி. அத்தைகூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா சைக்கிள் சக்கரத்துக்கு வைத்தது போலவே அதன் முன்னாலும் ஓர் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். யோசித்துப் பாருங்கள். மஸ்கட்டிலிருந்து வந்தபோது அந்த மாதிரிக் கலம் உலகத்தில் எத்தனையோ பிள்ளைகளிடம் இருந்திருக்கும். இப்போது இருப்பது ஒன்றே ஒன்று, அதைச் செய்தவர் என் அப்பா. உடைய வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதற்குப் பலன் இதுதான். பிள்ளையாருக்குச் சொன்ன தேங்காயை நான் உடைக்கவில்லை.

தீபாவளி முடிந்ததும் விசா வந்தது. அத்தை சாமான் கட்டினாள். கலத்தை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்தாள். ஆட்டம் காணாமல் இருக்க எதையாவது அடைக்க வேண்டும் என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பட்டறை ஆணியிலிருந்து என் வெள்ளைப் பட்டை எடுத்து அதைச் சுற்றி அடைத்தாள். “வேஸ்ட்டுதான அண்ணா?” என்றாள். “எடுத்துக்க” என்றார் அப்பா. அந்தத் தீபாவளிக்கு என் சடையில் கடை ரிப்பன் இருந்தது. அடுத்த வருஷம் அப்பா எப்போதும் போலக் குஞ்சலத்துக்குச் சாயம் போட்டுக் கொடுத்தார். நான் கட்டிக்கொண்டேன், ஆனால் முன்போல ஆட்டி ஆட்டி நடக்கவில்லை.

பிறகு அவள் எங்கெங்கோ படித்தாள், வேலை பார்த்தாள், பெங்களூரில் வீடு கட்டினாள். நான் இங்கேயே வாழ்க்கைப்பட்டு, அப்பாவைக் கடைசிவரை என்னோடு வைத்துக்கொண்டேன். பட்டறையை விட்ட பிறகு அவர் கை வெளுத்துவிட்டது, நகக்கண்ணில்கூட நிறம் இல்லை. அந்தக் கையை நான்தான் தினமும் கழுவிவிட்டேன். அப்போதும் வாரத்துக்கு ஒருமுறை கேட்பார், “மஸ்கட் பாப்பா போன் பண்ணிச்சா?” பண்ணாவிட்டாலும் பண்ணியது என்று சொல்லிவைப்பேன். சொல்லும்போதே எனக்கு எரியும்.

அப்பா போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. போன மாதம் அவள் வந்தாள். பெங்களூர் வீட்டை விற்றுவிட்டு மகனோடு கனடா போகிறாளாம். இந்தப் புதுப் பெட்டியை மேசை மேல் வைத்தாள். அதன் பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின்னையும் வைத்தாள்.

“ஃப்ளைட்ல எடுத்துக்கினு போனா ஒடஞ்சிடும். உன் வூட்ல இருக்கட்டும்மா. தரல, வெச்சிருன்னுதான் சொல்றேன்” என்றாள். அவள் மாறவில்லை.

அவள் போன பிறகுதான் டின்னைத் திறந்தேன். மேலே என் பட்டு. பழுத்து வெளிர் மஞ்சளாகிவிட்டது, ஆனால் நைந்து போகவில்லை. இனி அதைக் கட்டிக்கொள்ள என் தலையில் முடி இல்லை. எடுத்துத் தனியாக வைத்தேன். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, அந்தக் கலத்தைத் தொட்டேன்.

புதியதற்கு மதிப்பெண் போட்ட கையோடு பழையதற்கும் போடலாம் என்று உட்கார்ந்தேன். நிறம் சகிக்கவில்லை. உருவத்தைப் பார்த்து விண்கலம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிடிப்பு என்பதே கிடையாது, எல்லாம் பசை. ஓட்டுகிறவனின் தொப்பியைக் காணோம். எப்படிக் கூட்டினாலும் பத்துக்கு ஒன்று தேறவில்லை. அடிப்பக்கத்தையும் பார்த்துவிடலாம் என்று திருப்பினேன்.

இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் வஜ்ஜிரம் தடிமனாக வழிந்து காய்ந்திருந்தது. அதில் ஒரு கட்டை விரல் பதிந்திருந்தது. நல்ல அரக்குச் சிவப்பில், ரேகை ரேகையாக. பட்டு புழுவிலிருந்து வருவது, வஜ்ஜிரம் மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுப்பது; இரண்டும் ஒரே மாதிரிச் சரக்கு, பட்டுக்கு ஏறுகிற சாயம் வஜ்ஜிரத்துக்கும் ஏறும். கலம் முழுக்க ஏறாத சாயம் அந்த ஓர் இடத்தில் மட்டும் நன்றாக ஏறியிருந்தது, கடைசித் தொட்டியின் நிறம் வெளுக்காமல் அப்படியே இருந்தது. நான் மதிப்பெண் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

நேற்று அவள் கனடாவிலிருந்து வீடியோ காலில் வந்தாள். உடம்பு எப்படி, குளிர் எப்படி என்று பேசி முடித்த பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“கப்பலக் காட்டேன், பாக்கணும் போல இருக்குது.”

எடுத்து வந்து கேமராவுக்கு நேராகப் பிடித்தேன். இறக்கையைக் காட்டினேன், வாலைக் காட்டினேன், நிற்கிற மனிதனைக் காட்டினேன். “கண்ணால பாரு” என்றேன். அவள் சிரித்தாள். அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

“அப்படியே திருப்பு. அடியில மாமா வெரலு இருக்கும். அதக் காட்டு.”

திருப்பினேன். தூக்கிப் பிடித்திருந்த என் கட்டை விரல் சரியாக அதன் மேல் இருந்தது. அப்பாவின் விரல் என்னுடையதைவிடப் பெரியது, சுற்றிலும் கொஞ்சம் சிவப்பு தெரிந்தது.

“உன் வெரல எடும்மா, தெரியல.”

“எடுத்தா விழுந்துடும்” என்றேன்.